இலையிலே நஞ்சு!

பூவும் கொடியும் பொலியும் சுவரைக் கண்டு வியப்பது தவறன்று. வினவாமல் வியப்பதே தவறு என்போம் நாம்.

1851ஆம் ஆண்டு, இலண்டன் ஹைடு பூங்காவில் எழுந்த கண்ணாடி மாளிகையிலே மாபெரும் பொருட்காட்சி நடந்தது. எந்திரம் ஈன்ற பொருள்கள் எங்கணும் குவிந்தன. தரைவிரிப்பிலே ரோசா, உண்மை மலரெனப் புடைத்து நின்றது. கால் மிதிக்கும் இடத்திலே பூச்செண்டா எனக் கேட்டனர் கலையறிந்தோர். மலரை அப்படியே பெயர்த்து ஒட்டாதீர், அதன் வடிவ ஒழுங்கை எடுத்தாளுங்கள் என்று 1856இல் தம் நூலில் விதி வகுத்தார் ஓவன் ஜோன்ஸ். தாவரநூல் பயின்ற கிறிஸ்டோபர் டிரெஸ்ஸர், செடி வளரும் முறையையே கற்று வடிவம் சமைத்தார். பகுத்தறிவு கலைக்குப் பகையன்று என்பதற்கு இவர்களே சான்று!

வில்லியம் மாரிஸ் இவர்களினும் புகழ்பெற்றார். தோட்டத்துப் பழத்தைக் கவர்ந்த பறவைகளை, 1883இல் 'ஸ்ட்ராபெரித் திருடன்' என்ற துணியோவியமாக்கினார். துணியை அவுரி நீலத்தில் தோய்த்து, வேண்டிய இடங்களை வெளுத்து, பிற வண்ணங்களைக் கட்டையச்சால் கையாலேயே ஏற்றினர். உழைப்பு மிகுதி, விலையும் மிகுதி. அதே ஆண்டில்தான் அவர் சமதர்ம இயக்கத்தில் சேர்ந்தார். கலை எல்லார்க்கும் உரியது என்றார். அவர் துணியோ செல்வர் மாளிகையையே சென்றடைந்தது!

இதனினும் கொடிய முரண் ஒன்றுண்டு. அவர் தந்தை விட்டுச் சென்ற செல்வம், டெவன் கிரேட் கன்சால்ஸ் சுரங்கத்தின் பங்குகளால் வந்தது. செம்பெடுத்த அச்சுரங்கம் ஆர்சனிக் என்னும் பாடாணத்தையும் எடுத்தது. 1871 முதல் 1875 வரை மாரிஸ் அதன் இயக்குநர். அவருடைய தொடக்ககாலச் சுவர்த்தாள் ஒன்றை 2003இல் ஆராய்ந்தபோது, பச்சை வண்ணத்தில் அந்தப் பாடாணமே இருந்தது. பச்சைத்தாள் நோய் தரும் என்றனர் மருத்துவர். 1885இல் எழுதிய கடிதத்தில் அவரோ அவர்களை எள்ளினார். இலையை உற்றுநோக்கிய கண், இலைக்குப் பூசிய நஞ்சை நோக்க மறுத்தது!

ஆகவே மாரிசைத் தூக்கி எறிவோமா? இல்லை. அவர் வரைந்த கொடியின் உயிரோட்டத்தைப் போற்றுவோம். தொழிலாளிக்காக அவர் எழுப்பிய குரலையும் போற்றுவோம். ஆனால், அறிஞர் என்பதற்காக அவர் பிழையை மூடி மறையோம். அழகைக் காணும்போதெல்லாம் நாம் கேட்க வேண்டியவை இரண்டு: இதைச் செய்த கை எது? அந்தக் கைக்குக் கிடைத்தது என்ன?

இந்த வினாக்களுக்கு நாணாத கலையே மக்கள் கலை.