எடை குறைந்த பனிச்சறுக்குப் பிணைப்புகள்: நம்பகத்தன்மை பற்றிய ஒரு மதிப்பீடு

தமிழில் 'பனி' என்றால் சமவெளி மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மார்கழிக் காலையில் புல்லின் மேல் படியும் ஈரம். சேலம், நாமக்கல் பகுதியினர் அதற்கு மேல் பனி கண்டதில்லை. இமயமலைச் சரிவுகளில் ஆள் உயரத்துக்குக் குவியும் வெண்பனியே இக்கட்டுரையில் 'பனி' எனப்படுகிறது.

மலையேற்றப் பனிச்சறுக்கு என்பது, ரோப் கார் போன்ற வசதி இல்லாத பனிச்சரிவில் சறுக்குப் பலகைகளைக் காலில் மாட்டியபடியே நடந்து ஏறி, அதே பலகைகளில் சறுக்கி இறங்கும் விளையாட்டு. ஏறும்போது பலகை பின்னோக்கி வழுக்காமல் இருக்க அடியில் ஒரு மயிர்ப்பட்டை ஒட்டப்படும். இறங்கும்போது அதை உரித்துப் பையில் வைத்துக்கொள்வர். காலணியையும் பலகையையும் இணைக்கும் கருவியே பிணைப்பு. பயிற்சி முகாம்களில் இதை 'பைண்டிங்' என்பர். கடந்த நாற்பது ஆண்டுகளில் இதன் எடை பெரிதும் குறைந்துள்ளது. அதனால் கிடைத்த நன்மை என்ன, நம்பகத்தன்மையில் இழந்தது என்ன என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

பிணைப்பின் இரு கடமைகள்

மாட்டுவண்டியின் நுகத்தடியோடு மாட்டின் கழுத்தைச் சேர்ப்பது பூட்டாங்கயிறு. வண்டி ஓடும்வரை அது அவிழக் கூடாது. மாடு இடறி விழுந்தாலோ உடனே அவிழ வேண்டும். இல்லாவிட்டால் மாட்டின் கழுத்துக்கு ஆபத்து. பனிச்சறுக்குப் பிணைப்பின் நிலையும் இதுதான். ஒரு வேறுபாடு உண்டு: கயிற்றை அவிழ்க்க வண்டிக்காரர் இருக்கிறார், சறுக்குபவர் விழும்போது பிணைப்பு தானாகவே அவிழ வேண்டும், அதுவும் நொடியில் ஒரு பங்கு நேரத்துக்குள்.

நாமக்கல் பட்டறைகளில் காணும் டிரெய்லரின் கிங்பின்னுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஓட்டத்தில் அது எந்நிலையிலும் விடக் கூடாது. பிடிப்பது ஒன்றே அதன் வேலை. பனிச்சறுக்குப் பிணைப்புக்கோ பிடிப்பதும் விடுவதும் சம அளவில் முக்கியம். தேவையற்ற நேரத்தில் விட்டால் செங்குத்துச் சரிவில் ஆள் உருண்டு போவார். தேவையான நேரத்தில் விடாவிட்டால், நீண்ட பலகை ஒரு நெம்புகோலாக மாறி முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பை முறிக்கும். ஆகவே 'உறுதியானது' என்ற ஒரு சொல் இக்கருவிக்குப் போதுமான பாராட்டு ஆகாது.

சட்டவகையும் ஆணிவகையும்

மலையேற்றப் பிணைப்புகளில் முன்பு பரவலாக இருந்தது சட்டவகை. காலணியைத் தாங்கும் ஒரு நீண்ட சட்டம் முன்புறத்தில் கீல் போலப் பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வோர் அடிக்கும் குதிகாலோடு சட்டமும் மேலே எழும். இறங்கும்போது சட்டத்தைப் பலகையோடு பூட்டிவிடலாம். இவ்வகையில் ஒரு ஜோடி ஏறத்தாழ இரண்டு கிலோவோ அதற்கு மேலோ இருக்கும்.

ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் பார்தெல் 1980களில் வேறொரு வழியைக் கண்டார். சட்டம் எதற்கு, காலணியின் அடிப்பகுதியே போதிய விறைப்போடுதானே இருக்கிறது என்பது அவருடைய எண்ணம். காலணியின் முனையில் இரு பக்கமும் சிறு உலோகக் குழிகள். பலகையின் மேல் அக்குழிகளைக் கவ்வும் இரண்டு சிறு ஆணிகள். குதிகாலில் மேலும் இரண்டு ஆணிகள். இவ்வளவே அமைப்பு. டைனாஃபிட் நிறுவனம் இதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று பல நிறுவனங்கள் இதே கொள்கையில் தயாரிக்கின்றன. தடுப்பான் இல்லாத எளிய ஆணிவகைப் பிணைப்பு ஒரு ஜோடி 700 கிராம் அளவில் இருக்கும். பந்தயத்துக்கு உரியவற்றில் ஒரு காலுக்கு 100 முதல் 150 கிராம் எடையுள்ளவையும் உண்டு.

எடைக் குறைப்பின் நியாயம்

எடை குறைப்பதை வெறும் மோகம் என்று ஒதுக்க முடியாது. ஒரு கணக்கைப் பார்க்கலாம். 1,000 மீட்டர் உயரம் ஏறுகிறோம், ஓர் அடிக்கு 10 செ.மீ. உயரம் கூடுகிறது எனக் கொண்டால் மொத்தம் 10,000 அடிகள். ஒரு காலுக்கு 5,000. சட்டவகையில் ஒவ்வோர் அடிக்கும் குதிகாலோடு எழும் பகுதியின் எடை 700 கிராம் என்றால், அந்த ஏற்றத்தில் ஒரு கால் தூக்கிய எடையின் கூட்டுத்தொகை 3,500 கிலோ. ஆணிவகையில் குதிகால் பகுதி பலகையிலேயே தங்கிவிடுகிறது. காலணி மட்டுமே எழுகிறது. ஆக, தராசில் தெரியும் வேறுபாட்டைவிடக் கால் உணரும் வேறுபாடு பெரிது.

களைப்பு குறைந்தால் இறங்கும்போது கவனம் சிதறாது; இருட்டுவதற்குள் திரும்பவும் முடியும். இந்த அளவில் குறைந்த எடையும் ஒரு பாதுகாப்பே. உறுப்புகள் குறைவாக இருப்பதால் பழுதாகக்கூடிய இடங்களும் குறைவு. வண்டிச் சக்கரம் கழன்றுவிடாமல் காப்பது ஒரு சிறு கடையாணிதான். சிறிதாக இருப்பதாலேயே ஒரு பொருள் பலவீனமானது என்று சொல்லிவிட முடியாது.

குறைகள்

முதற்குறை, விடுவிக்கும் முறையில் உள்ளது. வழக்கமான ஆணிவகையில் பக்கவாட்டு விசை வந்தால் குதிகால் பகுதி திரும்பிக் காலணியை விடுவிக்கும். முன் ஆணிகள் கீல் போல நிற்கும். கதவின் கைப்பிடிப் பக்கம் தள்ளினால் கதவு எளிதில் திறக்கும். கீலுக்கு அருகில் தள்ளினால் திறக்காது. அதுபோல, பலகையின் மீது பக்கவாட்டு விசை கால்விரலுக்கு நேராக விழுந்தால் குதிகால் பகுதியைத் திருப்பும் முறுக்கம் பிறப்பதில்லை. காலின் எலும்போ அந்த விசையை முழுமையாக வாங்கிக்கொள்கிறது. சறுக்கு விடுதிகளில் பயன்படும் சாதாரணப் பிணைப்புகள் முன்புறத்திலேயே பக்கவாட்டில் விடுவதால் இந்த நிலையைக் கூடுதலாகச் சமாளிக்கின்றன. ஃபிரிட்சி நிறுவனத்தின் விபெக் போன்ற சில ஆணிவகைகள் முன்புறத்தில் விடும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. அதற்கு விலையாகச் சில நூறு கிராம் கூடியது. அந்தக் கிராம்கள் வீண் அல்ல.

இரண்டாவது, பனிக்கட்டி. முன் ஆணிகளைத் தாங்கும் இறக்கைகளின் அடியில் பனி சேர்ந்து இறுகினால் அவை முழுமையாக மூடுவதில்லை. காலணியின் குழிக்குள் கட்டி உறைந்தாலும் இதே நிலைதான். மேலிருந்து பார்த்தால் சரியாகப் பூட்டியதுபோல் தோன்றும். முதல் திருப்பத்தில் கழன்றுவிடும். இது பொருள் உடைவதால் வரும் கோளாறு அல்ல. ஆகவே தொழிற்சாலைச் சோதனையில் தேறிய பிணைப்பிலும் நேரலாம். குழியையும் இறக்கையின் அடியையும் சுத்தம் செய்து, பூட்டுவதற்கு முன் காலைச் சிலமுறை ஏற்றி இறக்கிப் பார்ப்பதே இதற்கு மருந்து.

மூன்றாவது, நடைப்பூட்டு. ஏறும்போது ஆணிகள் கழலாமலிருக்க முன் நெம்புகோலை மேலே இழுத்துப் பூட்டுவர். அந்நிலையில் பிணைப்பு விழுபவரை எளிதில் விடாது. செங்குத்தான இடத்தில் பலகை கழன்று போகுமோ என்ற அச்சத்தால் சிலர் இறங்கும்போதும் பூட்டியபடியே சறுக்குகின்றனர். இரு கடமைகளில் ஒன்றைத் தாமே ரத்து செய்துகொள்வது இது. பனிச்சரிவு வந்தால் காலில் பூட்டிய பலகைகள் ஆளைக் கீழே இழுக்கும்.

நான்காவது, மாற்ற முடியாத ஸ்பிரிங். மிக எடை குறைந்த பந்தயப் பிணைப்புகள் பலவற்றில் குதிகால் விசையைத் திருகிக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. 50 கிலோ எடையுள்ள மாணவிக்கும் 85 கிலோ எடையுள்ள வீரருக்கும் ஒரே விசை என்பது எந்த அளவுகோலாலும் ஏற்கத்தக்கதல்ல.

ஐந்தாவது, தடுப்பான். பலகை கழன்றதும் அது ஓடிவிடாமல் பனியில் ஊன்றி நிறுத்தும் இரு கைகளே தடுப்பான். எடையைக் குறைக்க முதலில் நீக்கப்படுவது இதுதான். பதிலாகக் காலில் கட்டும் வாரைக் கொடுப்பர். வார் பலகையைக் காக்கும். ஆனால் பனிச்சரிவில் பலகையையும் ஆளையும் பிரியவிடாது.

தரநிலை சொல்வதும் சொல்லாததும்

மலையேற்றப் பிணைப்புகளுக்கென்று ஐஎஸ்ஓ 13992 என்ற பன்னாட்டுத் தரநிலை உள்ளது. சாதாரணச் சறுக்குப் பிணைப்புகளுக்கு ஐஎஸ்ஓ 9462. விடுவிக்கும் விசையைக் குறிக்கும் எண் மக்கள் வழக்கில் 'டிஐஎன் எண்' எனப்படும். சறுக்குபவரின் எடை, உயரம், வயது, காலணி அடியின் நீளம், சறுக்கும் பாணி ஆகியவற்றைக் கொண்டு இந்த எண் அட்டவணையிலிருந்து எடுக்கப்படும்.

வாசகர் இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ஒரு பிணைப்பின் மேல் எண்கள் பொறிக்கப்பட்டிருப்பதால் மட்டும் அது தரச்சான்று பெற்றதாகிவிடாது. ஆணிவகைப் பிணைப்புகள் சந்தைக்கு வந்து நெடுங்காலம் கழித்தே அவற்றில் சில இந்தச் சான்றைப் பெற்றன. மிக எடை குறைந்தவை பலவும் இன்றும் சான்றில்லாமல் விற்கப்படுகின்றன. எண் 8 என்று எழுதியிருப்பது தயாரிப்பாளரின் கூற்று. அது சோதனைக்கூடத்தின் சான்று ஆகாது.

மற்றொன்று, சான்று பெற்ற பிணைப்பும் எல்லாக் காயங்களையும் தடுப்பதற்காக அமைந்ததல்ல. இந்த அளவுகளின் அடிப்படை நோக்கம் கீழ்க்கால் எலும்பு முறியாமல் காப்பது. முழங்காலின் உள்ளே இருக்கும் சிலுவைத் தசைநார் அறுந்துபோவதைத் தடுக்கும் உறுதியை எந்த வகைப் பிணைப்பும் தருவதில்லை. விளம்பரங்கள் 'பாதுகாப்பு' என்று பொதுவாகச் சொல்லும்போது இந்த எல்லையைச் சொல்வதில்லை.

குல்மர்க்கில் பொருந்துமா?

இந்தியாவில் இந்தக் கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. காஷ்மீரின் குல்மர்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து இரு கட்டங்களாகச் செல்லும் கோண்டோலா, கோங்டூரி வழியாக அஃபர்வத் மலைத்தோளில் ஏறத்தாழ 3,950 மீட்டருக்குக் கொண்டு சேர்க்கிறது. ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பள்ளியும் குல்மர்க்கில்தான் இயங்குகிறது. 1948-இல் ஒரு பனிச்சறுக்குப் பள்ளியாகத் தொடங்கியது அது. கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் 2020 முதல் அங்கு நடக்கின்றன. மலையேற்றப் பனிச்சறுக்கும் அதில் ஒரு பிரிவாகியுள்ளது. 2026 மிலான்-கோர்ட்டினா குளிர்கால ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டதால் பந்தயப் பிணைப்புகளின் மீது இளைஞர்களின் கண் விழுவது இயல்பு.

ஆனால் ஆல்ப்ஸ் மலைக்காகச் செய்த முடிவை அப்படியே அஃபர்வத்துக்குக் கொண்டுவர முடியாது. குல்மர்க்கிலிருந்து ஸ்ரீநகர் சுமார் 50 கி.மீ.; பனிக்காலச் சாலையில் அது சிறு தொலைவல்ல. 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வத் பகுதியில் நேர்ந்த பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தனர். 2024 பிப்ரவரி 22 அன்று நேர்ந்த மற்றொன்றில் ரஷ்யர் ஒருவர் இறந்தார். இந்த விபத்துகளுக்குப் பிணைப்புகள் காரணம் என்று இங்கு சொல்லப்படவில்லை. சிறு பிழைக்கும் அந்த மலை எவ்வளவு பெரிய விலை கேட்கும் என்பதற்கே அவை எடுத்துக்காட்டு.

பழுதுபார்ப்பும் சேர்த்து எண்ணத்தக்கது. சமவெளியில் லாரியின் ஓர் உறுப்பு முறிந்தால் சங்ககிரியிலோ திருச்செங்கோட்டிலோ அன்று மாலைக்குள் கடைசல் பட்டறையில் மாற்று செய்துவிடலாம். கடினப்படுத்திய எஃகு ஆணிக்கும் அளவிட்ட ஸ்பிரிங்குக்கும் அப்படி மாற்று செய்யக் கூடாது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தேய்மானமே பிடிப்பைக் கெடுத்துவிடும். உதிரி உறுப்பும் விசையை அளக்கும் சோதனை இயந்திரமும் எட்டாத இடத்தில், மிக நுணுக்கமான கருவி முதல் பழுதோடு பயனற்றதாகிவிடும். அத்தகைய இடத்தில் எளிய அமைப்பும் கிடைக்கும் உதிரியும் நம்பகத்தன்மையின் பாதி.

மதிப்பீடு

ஆணிவகைக் கொள்கை சிறந்த பொறியியல். அதன்மீது வைக்கத்தக்க குற்றச்சாட்டு மெலிவு அல்ல. கிராமை மட்டும் எண்ணும் விற்பனை முறையே குற்றத்துக்கு உரியது. முதல் ஒரு கிலோ குறைந்தபோது தேவையற்ற சட்டம் போயிற்று. அது முழு ஆதாயம். அடுத்த சில நூறு கிராமுக்காகத் தடுப்பானும், திருகி மாற்றும் வசதியும், முன்புற விடுவிப்பும் போயின. அவை விழுபவரைக் காப்பதற்காக இருந்தவை. இரண்டையும் ஒரே 'முன்னேற்றம்' என்ற பெயரில் விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதாகும்.

பயிற்சி முகாமுக்குச் செல்லும் மாணவர், வாடகைக்குக் கொடுக்கப்படும் பிணைப்பைப் பற்றி எடையைக் கேட்பதற்கு முன் நான்கு கேள்விகள் கேட்கலாம். விடுவிக்கும் விசையை என் எடைக்கேற்ப மாற்ற முடியுமா? இதே காலணியோடு பொருத்திச் சோதித்தார்களா? தடுப்பான் உள்ளதா? உதிரி உறுப்பு இங்கே கிடைக்குமா? இவற்றுக்கு 'ஆம்' என்று விடை வரும் 500 கிராம் பிணைப்பு, 'இல்லை' என்று விடை வரும் 150 கிராம் பிணைப்பைவிடக் கற்பவருக்கு உகந்தது. மிக எடை குறைந்தவை, அவற்றின் குறைகளை அறிந்து ஏற்கும் பந்தய வீரருக்கு உரியவை. தொடக்கநிலை மாணவர் கையில் அவற்றைக் கொடுப்பது பொறுப்பற்ற செயல்.