இடுப்பழகும் இடுப்புவலியும்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிறது மேலகரம், திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். பதினெட்டாம் நூற்றாண்டில் அவர் எழுதிய திருக்குற்றாலக் குறவஞ்சியிலிருந்து தமிழ் எம்.ஏ. படித்த யாரும் தப்பித்திருக்க முடியாது. வசந்தவல்லி பந்தடிக்கிறாள், இடை துவள்கிறது, மார்பு ஆடுகிறது. வகுப்பில் வாத்தியார் சந்தத்தோடு பாடிக் காட்டுவார். நாமும் தலையாட்டினோம்.

இந்தப் பிரதியில் பெரிதாகப் பேசப்படும் நோய் ஒன்றே ஒன்றுதான்: காமநோய். உலா வந்த குற்றாலநாதரைக் கண்டு வசந்தவல்லி மயங்கி விழுந்ததும் பாங்கியர் ஓடிவந்து சந்தனம் பூசிக் குளிர்ச்சி செய்கிறார்கள். பிறகு குறத்தி வந்து கைபார்த்து நோய் இன்னதென்று சொல்கிறாள். சரி, குறத்திக்கு என்ன நோய்? அதைக் கேட்க அங்கே நாதியில்லை. மலை மலையாக ஏறி இறங்குகிறவள், ஊர் ஊராகக் குறிசொல்லித் திரிகிறவள். அவள் எத்தனை பெற்றாள், எத்தனை தங்கியது, வயிற்றுப்பிள்ளையோடு எத்தனை காதம் நடந்தாள்? நகை வாங்கிக்கொண்டு போனவளைச் சிங்கன் தேடுகிறான். அவன் வாயிலும் அவள் உடம்பு வருணனைதான்.

'அது அந்தக் கால மரபு, சிற்றிலக்கியத்தில் போய் ஆஸ்பத்திரியைத் தேடலாமா?' என்பார்கள். பிரதி பழசு, ஒத்துக்கொள்கிறேன். அதை எப்படிப் படிக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லித்தந்த வாசிப்பு பழசில்லை. 1954-ல் சாகும்வரை ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் வீடு வைத்துக் கவிதை ரசித்தார். ராஜாஜியும் கல்கியும் வந்துபோனார்கள். சாரல், அருவி, விருந்து, கவிதை. இடுப்பழகை ரசிக்கக் கற்றுக்கொடுத்த இந்த ரசனை மரபுக்கு இடுப்புவலியைக் கேட்கக் காதில்லை. நம்ம பக்கம் பிரசவ வலிக்குப் பேரே இடுப்புவலிதான்.

இதுவரைக்கும் சொன்னால் தோழர்கள் கைதட்டுவார்கள். என் சண்டை நம்ம வாசிப்போடும் இருக்கிறது.

இதே மலைத்தொடரின் அடிவாரத்தில், கொஞ்சம் வடக்கே விருதுநகர் மாவட்டத்துக்காரர் பாமா. அவருடைய 'சங்கதி' (1994) நாவலில் ஒரு நிறைமாசக்காரி புல்லறுக்கப் போன இடத்தில் தனியாகப் பிள்ளை பெறுகிறாள். புல்லறுத்த அரிவாளாலேயே கொடியை அறுத்துவிட்டு, பிள்ளையையும் புல்லுக்கட்டையும் வீட்டுக்குக் கொண்டுவருகிறாள். நம்ம கூட்டங்களில் இந்த இடம் வந்ததும் ஒரு சிலிர்ப்பு. 'தலித் பெண்ணின் வலிமை', 'ஆதித்தாய்' என்கிறோம். பாமா அப்படிக் கொண்டாடவில்லை. அந்தப் பிள்ளைக்குக் காட்டுராசா என்று எப்படிப் பேர் வந்தது என்று சொல்லும்போது போகிறபோக்கில் சொல்கிறார். அந்தப் போகிறபோக்குதான் பயங்கரம். ஊருக்கே அது அதிசயமாக இல்லை.

பெத்த உடம்போடு புல்லுக்கட்டையும் ஏன் தூக்கினாள்? விட்டுவிட்டு வர முடியாத வாழ்க்கை. நஞ்சு முழுசாக விழாமல் ரத்தம் கொட்டியிருந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கதை முடிந்திருக்கும். அரிவாளால் அறுத்த கொடி வழியாகப் பிள்ளைக்கு ரணஜன்னி வந்திருக்கலாம். பிழைத்துக்கொண்டவளுக்குக் கதை இருக்கிறது. பிழைக்காதவளுக்கு?

அதே நாவலில் பாட்டி மருத்துவச்சி. தெருவில் எல்லாப் பிரசவமும் அவள் கையில்தான். மேல்சாதி வீட்டில் மட்டும் கூப்பிடமாட்டார்கள், பறைச்சி என்பதால். கைப்பக்குவத்தில் குறையில்லை, தீட்டுத்தான் குறை. நாம் சிலிர்க்க வேண்டியது இந்த இடத்தில்.

'வலிமை' என்ற பாராட்டு எனக்கு ஏன் பயமாக இருக்கிறது தெரியுமா? பிரசவ வார்டுக்குள் அதே வாக்கியம் வேறு குரலில் வரும். "ஒனக்கென்னம்மா, வயக்காட்டுல வேலை பாக்குத உடம்பு. சும்மா கத்தாம முக்கு." நம்ம தெருப் பொம்பளைகளிடம் கேட்டுப்பாருங்கள், இந்த வசனத்தைத் தெரியாதவர்கள் குறைவு. வலி தாங்கும் உடம்பு என்று ஒருதடவை பேர் வாங்கிவிட்டால் பிறகு வலிக்கு மருந்தும் இல்லை, மரியாதையும் இல்லை.

உண்மையில் அந்த உடம்பு எப்படி இருக்கிறது? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் (15-49 வயது) 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கடையம், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் போனால், வயிறு தட்டில் இடிக்கிற மாசம்வரை பீடி சுற்றுகிற பெண்களைப் பார்க்கலாம். தூள் மூச்சிலும் ஏறும், தோலிலும் ஏறும். இதைத்தான் நாம் 'உழைப்பின் அழகு' என்று கவிதை எழுதுகிறோம்.

காட்டில் பெறுகிற காலம் போய்விட்டது என்பது நிஜம். அதே கணக்கெடுப்புப்படி 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில். 2018-20 கணக்கில் லட்சம் பிரசவத்துக்கு 54 தாய்மார் சாகிறார்கள், இந்திய அளவில் 97. சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 54 பேர் எந்தத் தெரு? அந்த அறிக்கையில் சாதிக்கென்று ஒரு கட்டம் கிடையாது. பள்ளிக்கூடம் சேர, சுடுகாட்டுக்குப் போகச் சாதி கேட்கிற நாடு, பேறுகாலச் சாவைக் கூட்டிச் சொல்லும்போது மட்டும் சாதியை மறந்துவிடுகிறது. ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018 அறிக்கை, இந்தியாவில் தலித் பெண் இறக்கும் சராசரி வயது 39.5 என்றது. மேல்சாதிப் பெண்ணுக்கு 54.1. இடைவெளி 14.6 வருசம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேரில் மகப்பேறு நிதி 1987-ல் 300 ரூபாயில் தொடங்கியது, 2018-ல் 18,000 ஆனது. சத்தான சாப்பாட்டுக்கும் வேலைக்குப் போகாத நாட்களுக்கும் என்று சொல்லித் தருகிற பணம். வயது 19 ஆகியிருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும் என்று விதி. சின்ன வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டவளும், ரத்தம் வற்றி மூன்றாவது சுமக்கிறவளும் வெளியே. யாருக்கு அதிகம் வேண்டுமோ அவளுக்குக் கிடையாது.

'சங்கதி' தொடங்குவதே மூன்றாவதாகப் பொம்பளைப்பிள்ளை பிறந்த பேச்சில்தான். அந்தக் கதைசொல்லி இன்றைக்குப் பிறந்திருந்தால், அவளைப் பெத்த அம்மாவுக்கு அந்தப் பதினெட்டாயிரத்தில் ஒரு பைசா வராது.