கொல்கத்தாவுக்குப் பசியோடு போங்கள்

மற்ற ஊர்களில் இடங்களைச் சுற்றிக் களைத்த பிறகுதான் சாப்பாட்டுக் கடை தேடுவோம். கொல்கத்தாவில் இரண்டும் ஒரே வேலை. ஒரு தெருவைப் பார்க்கப் போனால் அங்கே ஒரு பலகாரம் நிற்கவைக்கும். பலகாரத்தைத் தேடிப் போனால் நூறாண்டு பழைய கட்டடம் ஒன்று அண்ணாந்து பார்க்கவைக்கும். டிசம்பர் குளிரில் போய் வந்தேன். இத்தனை சந்தோஷமாக நான் எந்த ஊரிலும் நடந்ததில்லை!

ஞாயிற்றுக்கிழமை விடியலில் டிரெட்டி பஜாருக்குப் போய்விட வேண்டும். தலைமுறைகளுக்கு முன் இங்கே குடியேறிய சீனக் குடும்பங்களின் காலைச் சந்தை அது. நடைபாதையில் வரிசையாக ஆவிச் சட்டிகள். மூடியைத் திறந்தால் மோமோ, பன்றி இறைச்சி வைத்த வெள்ளை பாவ், மீன் உருண்டை மிதக்கும் சூடான சூப். நின்றபடியேதான் சாப்பிட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் கடை காலி, தெரு மறுபடி சாதாரணத் தெரு.

அங்கிருந்து ஆற்றை நோக்கி நடந்தால் மல்லிக் காட் பூச்சந்தை. கோயம்பேட்டையும் மாட்டுத்தாவணியையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கே அது திகட்டத் திகட்டக் காட்சி! ஆள் உயரச் செவ்வந்திச் சரங்களைத் தலையில் சுமந்து ஓடுகிறார்கள். ஒதுங்கி நிற்காவிட்டால் நாமும் பூவோடு போய்விடுவோம். அதற்கு நேர் மேலே ஹௌரா பாலம். 1943இல் திறந்தது, நட்டு, போல்ட் இல்லாமல் ரிவிட் அடித்தே கட்டியது. பாலத்தில் நடந்து பார்த்தேன், படகில் ஏறி அடியிலிருந்தும் பார்த்தேன். அடியிலிருந்து பார்ப்பதுதான் அழகு. திரும்பும்போது மெட்ரோவில் வாருங்கள். நாட்டின் முதல் மெட்ரோ 1984இல் ஓடிய ஊர் இது. 2024 மார்ச் முதல் ஹூக்ளி ஆற்றுக்கு அடியிலும் ரயில் போகிறது. நதியைக் கடக்க ஒரு நிமிடம்கூட ஆவதில்லை, ஆனால் பெட்டியில் இருப்பவர்கள் எல்லாரும் ஜன்னலுக்கு நகர்ந்துவிடுகிறார்கள்.

மதியம் பிரியாணி. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. 1856இல் ஆங்கிலேயர்கள் அவத் நாட்டைப் பறித்துக்கொண்டதும் நவாப் வாஜித் அலி ஷா கல்கத்தா வந்து, மெட்டியாபுருஸில் தன் லக்னோவைச் சின்னதாகத் திரும்பக் கட்டினார். சமையல்காரர்களும் கூடவே வந்தார்கள். அந்தக் கைமணத்தின் வாரிசுதான் இன்றைய கொல்கத்தா பிரியாணி: நீளமான அரிசி, அதிராத மசாலா, லேசான அத்தர் வாசனை, நடுவே முழு உருளைக்கிழங்கு. பிரியாணியில் உருளைக்கிழங்கா என்று ஆம்பூர்க்காரர்கள் முகம் சுளிக்கலாம். மல்லிக் பஜார் சந்திப்பில் இருக்கும் ஷிராஸில் உட்கார்ந்து, இறைச்சிச் சாறெல்லாம் இறங்கிய அந்தக் கிழங்கை ஒரு விள்ளல் எடுத்துப் பாருங்கள். கறியை விட்டுவிட்டு அதைத்தான் தேடுவீர்கள்.

சைவர்களும் கவலைப்பட வேண்டாம். பூப்போல வெள்ளையாக உப்பும் லூச்சிப் பூரி, தேங்காய்த் துண்டு போட்ட கடலைப்பருப்பு, வாழைப்பூவில் செய்யும் மோச்சார் கொண்டோ. வாழைப்பூவை நம் வீட்டைவிட மரியாதையாக நடத்தும் சமையல் ஒன்று உண்டென்று அங்கேதான் கண்டேன். மாலையில் தெருமுனையில் புச்கா, அந்த ஊர்ப் பானிபூரி. அந்தப் புளித்தண்ணீரின் காரத்துக்குக் கண்ணில் நீர் வரும், கை மட்டும் இலைத் தொன்னையை மறுபடி நீட்டும்.

விக்டோரியா நினைவு மண்டபம் எல்லாரும் போகும் இடம். பளிங்கு அழகுதான், போங்கள். என் மனம் நின்றது வடக்குக் கொல்கத்தாவில். சிலை செய்பவர்களின் குமார்துலிச் சந்துகளில் வைக்கோலைக் கட்டி, ஆற்றுக் களிமண் பூசி, ஒவ்வொரு கூடத்திலும் தெய்வங்கள் பாதி உருவாகி நிற்கின்றன. காலேஜ் ஸ்ட்ரீட்டில் புத்தகக் கடைகள் நடைபாதை முழுக்க வழிகின்றன. கையில் வாங்கிய புத்தகத்தோடு காபி ஹவுஸின் உயரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து கேளுங்கள்: எல்லா மேசையிலும் யாரோ யாரோடோ உரக்க வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே 1918இல் தொடங்கிய பாரமவுண்ட் கடையில் இளநீர் சர்பத், வழுக்கையோடு. நியூ மார்க்கெட்டுக்குள் பாக்தாத் யூதக் குடும்பம் 1902இல் தொடங்கிய நஹூம்ஸ் பேக்கரி. அங்கே பிளம் கேக்.

இனி இனிப்பு. ரசகுல்லாவை நமக்கு முன்பே தெரியும், அதை விடுங்கள். குளிர்காலத்தில் ஈச்ச மரத்தைச் சீவி, இரவெல்லாம் பானையில் சொட்டிய சாற்றைக் காய்ச்சினால் வருவது நொலேன் குர் வெல்லம். அதைப் பாலாடைக்கட்டியோடு பிசைந்து செய்யும் சந்தேஷை 1844 முதல் இருக்கும் நகுர் கடையில், கம்பி ஜன்னலுக்கு வெளியே நின்று வாங்கினேன். சந்தேஷிலேயே ஜல்பரா என்ற வகையைக் கடித்தால் உள்ளிருந்து வெல்லப்பாகு வாயில் உடைகிறது. புகை மணமும் மரத்தின் மணமும் சேர்ந்த அந்தத் தித்திப்புக்கு ஈடாக எதையும் என்னால் சொல்ல முடியவில்லை!

டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடிவதற்குள் போய்விடுங்கள். நல்ல நொலேன் குர் அந்தக் குளிரில்தான் கிடைக்கும். சந்தேஷை ஊருக்குக் கட்டிக்கொண்டு வர நினைக்காமல், வாங்கிய இடத்திலேயே சாப்பிட்டுவிடுங்கள்.