கடலுக்கு மூட்டை கட்டும் அழகு

தூத்துக்குடிக்கு வடக்கே தருவைகுளத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடியும் தறுவாயில், கடற்கரையே பயணத்துக்கு ஆயத்தமாகும். இங்கிருந்து செவுள்வலைப் படகுகள் பல நாள் தங்கலுக்கு ஆழ்கடல் போகின்றன. அங்கே கடை இல்லை, நிழல் இல்லை. ஆகவே ஒவ்வொரு பொருளையும் கை யோசித்துத்தான் எடுக்கிறது. வெயிலுக்கு, உப்பில் வெளுத்து மெத்தென்றாகிவிட்ட பழைய முழுக்கைச் சட்டை. பகலில் உடுக்கவும் இரவில் போர்த்தவும் கைலி. தலைப்பாகையாகவும் வியர்வை துடைக்கவும் ஒரு துண்டு. மூடி இறுகிய டப்பாவில் தீப்பெட்டி. தண்ணீர் கேன்கள், அரிசி, புளி, மிளகாய்.

வலை ஏற்றுவதுதான் கண்கொள்ளாக் காட்சி. ஒருவர் மிதவைக் கயிற்றை இழுக்க, இன்னொருவர் வலையை அடுக்கடுக்காக மடித்து வைக்கிறார். மிதவைகள் மரப்பலகையில் டொக் டொக்கென விழுகின்றன. விரல்கள் கண்ணிகளின் மேல் ஓடி, கிழிசல் தட்டியதும் நிற்கின்றன. அங்கேயே ஊசியும் நூலும் முடிச்சிடுகின்றன. இருட்டில் சிக்காமல் கடலில் இறங்கும்படி மடிக்கத் தெரிந்த அந்தப் பொறுமைதான் இந்த மீனவர்களின் முதல் தேர்ச்சி. மீன் பிடிப்பது அதற்கு அடுத்தது.