சலினாஸ் ஆய்வும் பாலின அடையாளக் கோட்பாடும்: ஒரு மறுமதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

டொமினிக்கன் குடியரசின் சலினாஸ் சிற்றூரில் பெண்ணாக வளர்க்கப்பட்ட சிலர் பருவமடைந்தபின் ஆணாக வாழத் தொடங்கியதை 1970களின் மருத்துவ ஆய்வுகள் பதிவு செய்தன. பாலின அடையாளத்தை உருவாக்குவதில் வளர்ப்பைவிட ஹார்மோனே வலியது என்னும் கருத்துக்கு இவ்வாய்வுகள் இன்றும் சான்றாகக் காட்டப்படுகின்றன. அச்சான்றின் வலிமையையும் வரம்பையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது. பப்புவா நியூகினியின் சம்பியா மக்களைப் பற்றிய மானிடவியல் ஆய்வும், தமிழிலக்கண நூல்களின் பால் பகுப்பும் ஒப்பீட்டுக்குக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பால்வளர்ச்சி, பாலினப் பங்கு, சலினாஸ், சம்பியா, பேடு, இடைப்பாலினர்.

முன்னுரை

ஒருவர் தம்மை ஆணென்றோ பெண்ணென்றோ உணர்வதற்குக் காரணம் உடலா, வளர்ப்பா என்னும் வினா இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மருத்துவத்தையும் சமூக அறிவியலையும் ஒருசேர ஆட்கொண்டது. வளர்ப்பே முதன்மையானது என்னும் கருத்தை அமெரிக்க உளவியலாளர் ஜான் மணி 1950களில் முன்வைத்தார். பிறப்புறுப்பு தெளிவற்ற நிலையில் பிறக்கும் குழந்தைக்கு இளமையிலேயே ஒரு பாலை வரையறுத்து, அதற்கேற்ப அறுவைசிகிச்சை செய்து வளர்த்தால், குழந்தை அப்பாலையே தன் அடையாளமாக ஏற்கும் என்பது அவர் துணிபு. பல நாடுகளின் மருத்துவ நடைமுறையை இத்துணிபு வழிநடத்தியது. இதற்கு நேரெதிரான சான்றாக முன்னிறுத்தப்பட்டவை சலினாஸ் ஆய்வுகளாகும். இரு கருத்துகளும் குழந்தைகளின் உடல்மீது எடுக்கப்படும் முடிவுகளைப் பாதிப்பவை. ஆதலின் அவற்றின் சான்றுகளைச் சீர்தூக்கிப் பார்ப்பது நூலறிவு அளவில் நின்றுவிடும் செயலன்று.

பால்வளர்ச்சியின் உயிரியல்

மனிதக் கருவின் இனப்பெருக்கச் சுரப்பி தொடக்க வாரங்களில் விந்தகமாகவோ சூலகமாகவோ வளரக்கூடிய பொதுநிலையில் உள்ளது. ஒய் குரோமோசோமில் அமைந்த எஸ்.ஆர்.ஒய் மரபணு செயற்படும்போது அது விந்தகமாகிறது. இம்மரபணு 1990ஆம் ஆண்டு இனங்காணப்பட்டது. விந்தகம் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் அகவுறுப்புகளின் வளர்ச்சிக்கு உதவுகிறது. புறவுறுப்புகள் ஆண்வடிவம் பெறுவதற்கோ, டெஸ்டோஸ்டிரோன் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற வேண்டும். அம்மாற்றத்தை நிகழ்த்துவது 5-ஆல்பா ரிடக்டேஸ் என்னும் நொதி.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணுவைப் பெறும் குழந்தைக்கு இந்நொதி குறைவுபடுகிறது. அக்குழந்தை எக்ஸ் ஒய் குரோமோசோம்களும் விந்தகங்களும் உடையதாயினும், அதன் புறவுறுப்புகள் பெண்வடிவை ஒத்தோ தெளிவின்றியோ அமைகின்றன. பருவமடையும் காலத்தில் டெஸ்டோஸ்டிரோன் பெருகுவதால் குரல் தடிக்கிறது, தசை வலுக்கிறது, ஆணுறுப்பு வளர்கிறது. உடல் ஒரே நேரத்தில் ஒரே முடிவை எட்டுவதில்லை; குரோமோசோம், சுரப்பி, ஹார்மோன், புறவுறுப்பு ஆகியவை தனித்தனிப் படிநிலைகள் என்பதை இந்நிலை தெளிவுறுத்துகிறது.

சலினாஸ் ஆய்வின் கண்டறிதலும் முடிவும்

ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லியும் அவர்தம் குழுவினரும் 1974ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரை, 13 குடும்பங்களைச் சேர்ந்த 24 பேரிடம் இந்நிலை காணப்பட்டதைத் தெரிவித்தது. ஊரார் இவர்களை, பன்னிரண்டு வயதில் ஆணுறுப்பு பெறுவோர் என்னும் பொருள்பட, ‘கெவெதோசெஸ்’ என்று அழைத்தனர். நொதியின் பணியைத் தெளிவாக்கிய வகையில் இக்கட்டுரையின் மருத்துவப் பயன் ஐயத்திற்கு அப்பாற்பட்டது.

இக்குழுவினர் 1979ஆம் ஆண்டு வெளியிட்ட இரண்டாம் கட்டுரை உடலைக் கடந்து அடையாளத்தைப் பற்றிப் பேசியது. 38 பேரில் 18 பேர் ஐயத்திற்கிடமின்றிப் பெண்ணாக வளர்க்கப்பட்டவர்கள் என்றும், அவர்களுள் 17 பேர் ஆண் அடையாளத்திற்கும் 16 பேர் ஆண் பாலினப் பங்குக்கும் மாறினர் என்றும் அது கூறியது. இடையூறு செய்யும் சமூகக் காரணிகள் இல்லாதவிடத்து டெஸ்டோஸ்டிரோனின் விளைவு வளர்ப்பின் விளைவை மேற்கொள்கிறது என்பது அதன் முடிவு.

இம்முடிவு மூன்று எடுகோள்களைச் சார்ந்துள்ளது. ஊரார் இக்குழந்தைகளைப் பிற பெண்குழந்தைகளைப் போலவே வளர்த்தனர் என்பது முதலாவது. சலினாஸ் சமூகம் மாற்றத்திற்குச் சார்பாகவோ எதிராகவோ செயற்படவில்லை என்பது இரண்டாவது. ஆண், பெண் என்னும் இரண்டே அடையாளங்கள் அங்கு இருந்தன என்பது மூன்றாவது.

எடுகோள்களின் வலுவின்மை

முதல் எடுகோளுக்கு ஊர்வழக்கே தடையாகிறது. ஒரு நிலைக்குப் பெயரிட்ட சமூகம் அந்நிலையை எதிர்பார்க்கவும் கற்றிருக்கும். தொடக்கத் தலைமுறையினர் அறியாது வளர்க்கப்பட்டிருக்கலாம். பின்னர் ஊரார் இந்நிலையை அறிந்துகொண்டதையும், இவர்கள் கேலிக்கு உள்ளானதையும், முதலில் பெண்ணாகவும் பின்னர் ஆணாகவும் ஆனவர் என்னும் கருத்தில் ‘மச்சியெம்ப்ரா’ என்னும் பெயரும் வழங்கியதையும் அவ்வாய்வே குறிப்பிடுகிறது. இத்தகைய சூழலில் ‘ஐயத்திற்கிடமின்றிப் பெண்ணாக வளர்த்தல்’ என்பதை உறுதிசெய்வது அரிது. வளர்ப்பு எவ்வாறு இருந்தது என்பது, பெரும்பாலும் மாற்றம் நிகழ்ந்தபின் பெறப்பட்ட நினைவுகூரல்களையே சார்ந்திருப்பது இவ்வருமையை மேலும் மிகுவிக்கிறது.

இரண்டாம் எடுகோளும் அவ்வாறே. பெண் வீட்டோடு இருக்க, ஆண் வெளியில் உழைத்தும் உலவியும் வாழும் சமூகத்தில், ஆணாக மாறுவது உரிமைகள் மிகுந்த நிலைக்கு மாறுவதாகும். மேலும், ஆண்வடிவம் பெற்றுவிட்ட உடலோடு பெண் என்னும் பங்கில் நீடித்தால் மணவாழ்வுக்கும் மதிப்புக்கும் இடமில்லாது போகலாம். ஆகவே மாற்றத்தைத் தூண்டியவற்றுள் ஹார்மோனின் பங்கையும் சமூகத்தின் பங்கையும் அத்தரவுகளைக் கொண்டு பிரித்தறிய இயலாது. ஆண் அடையாளம் கொண்ட 17 பேருக்கும் ஆண் பங்கை ஏற்ற 16 பேருக்கும் இடையிலுள்ள ஒருவர் வேறுபாடு சிறிதாயினும் பொருளுடையது. உணர்வும் வாழ்முறையும் ஒன்றல்ல என்பதை அவ்வேறுபாடு காட்டுகிறது.

சம்பியா ஒப்பீடு

மானிடவியலாளர் கில்பர்ட் ஹெர்ட் பப்புவா நியூகினியின் கிழக்கு மலைநாட்டில், ‘சம்பியா’ எனத் தாம் புனைபெயரிட்ட மக்களிடையே இதே நொதிக்குறைபாட்டை ஆராய்ந்தார். அங்குச் சிறுவர்களைத் தாயரிடமிருந்து பிரித்து, ஆடவர் இல்லத்தில் சேர்த்து, கடுமையான சடங்குகள்வழி ஆணாக்குவது மரபு. இந்நிலையினரைக் குறிக்க, பெண்தன்மையது ஆண்தன்மையதாக மாறுவது என்னும் பொருளில் ‘க்வோலு-ஆட்மௌல்’ என்னும் தனிச்சொல் அவர்கள் மொழியில் உண்டு. பிறப்பின்போதே மகப்பேற்றுத் துணைவியரால் இனங்காணப்பட்டோர் இப்பெயராலேயே வளர்க்கப்பட்டனர். அறியப்படாது பெண்ணாக வளர்க்கப்பட்டோர், மணமானபின் உண்மை வெளிப்பட்டு, பெண்ணாகத் தொடர வழியற்ற நிலையிலேயே ஆணாக வாழத் தலைப்பட்டனர் என்பது ஹெர்ட்டின் விளக்கம்.

இதனடிப்படையில், சலினாஸ் மக்களிடமும் மூன்றாவது பால்வகைமை ஒன்று இருந்ததென்றும், மருத்துவ ஆய்வாளர் அதனைத் தம் இருவகைப் பகுப்புக்குள் அடக்கிவிட்டனர் என்றும் 1990ஆம் ஆண்டு அவர் வாதிட்டார். அவர் வாதத்தின் பிற்பகுதி ஏற்கத்தக்கது; முற்பகுதி மிகைப்பட்டது. ஒரு சொல் இருப்பதால் மட்டும், அச்சொல்லுக்குரியோர்க்கு மதிப்புடைய சமூக இடமும் இருந்தது என்றாகாது. கேலிப்பெயரும் வகைமைப் பெயரும் ஒன்றல்ல. சம்பியா மக்களிடையேகூட இவர்கள் முழுமையான ஆடவராக ஏற்கப்படவில்லை.

ஹெர்ட்டின் வாதம் உயிரியலை மறுப்பதற்கும் பயன்படாது. இந்நொதிக்குறைபாடு பற்றிப் பல நாடுகளில் வெளிவந்த ஆய்வறிக்கைகளைத் தொகுத்து ஆராய்ந்த பெக்கி கோஹன்-கெட்டெனிஸ் (2005), பெண்ணாக வளர்க்கப்பட்டோரில் 56 முதல் 63 விழுக்காட்டினர் ஆண் பங்குக்கு மாறியதைக் கண்டார். வளர்ப்பே அனைத்தும் என்றால் இவ்வளவு பேர் மாறியிருக்க மாட்டார்கள். ஹார்மோனே அனைத்தும் என்றால் ஏறத்தாழ ஐவரில் இருவர் மாறாதிருந்ததற்கு விளக்கமில்லை.

தமிழிலக்கண நூல்களின் பால் பகுப்பு

பகுக்கும் கருவி பகுக்கப்படுவதை வடிவமைக்கிறது என்னும் சிக்கல் தமிழிலக்கண மரபிலும் காணப்படுகிறது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்க்குத் தனி ஈறு இல்லை என்றும், அஃது உயர்திணைக்குரிய பாலீறுகளையே பெறும் என்றும் கூறப்படுகிறது. அப்பெயர் ஆண்பால் ஈறு பெறாது என்பதும் பிறிதொரு நூற்பாவின் கருத்து. நன்னூல், பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோரை ஆண்பாலிலும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோரைப் பெண்பாலிலும் அடக்குகிறது. இங்கு அளவுகோலாக அமைவது உறுப்பன்று, விழைவு என்பது கருதத்தக்கது. எனினும் அதே நூற்பா இவ்விருவகையினரையும் அஃறிணையோடு ஒப்பவைக்கவும் இடம் தருகிறது. இருப்பை ஏற்ற மொழி மதிப்பையும் வழங்கியது எனக் கொள்ள இயலாமைக்கு இதுவே சான்று.

இலக்கண நூல்கள் கூறும் பேட்டினை இன்றைய இடைப்பாலினரோடோ திருநரோடோ நேர்நிறுத்துதலும் தவறாகும். இடைப்பாலினர் என்பது உடலின் பால்வளர்ச்சி வேறுபாட்டைக் குறிப்பது. திருநர் என்பது பாலின அடையாளத்தைக் குறிப்பது. தமிழ் ஆய்வுகள் சில இவ்விரண்டையும் கலந்து வழங்குவது, சலினாஸ் ஆய்வாளரின் பிழையை வேறொரு திசையில் மீண்டும் செய்வதாகும்.

முடிவுரை

உடலும் பண்பாடும் ஒன்றையொன்று வெல்லும் போட்டியாளர்கள் என்னும் பார்வையே சலினாஸ் ஆய்வின் அடிப்படைக் குறை. ஜான் மணியின் கோட்பாடும் இக்குறையையே மறுபுறமாகக் கொண்டிருந்தது. உடல் வாய்ப்புகளைத் தருகிறது. சமூகம் அவற்றுக்குப் பெயரும் இடமும் தருகிறது. வாழ்பவர் அவற்றிடையே தம் நிலையைத் தேர்கிறார். இத்தேர்வைப் பிறப்பின்போதே முன்னறிய எந்த ஆய்வும் வழிகாட்டவில்லை. மேற்காட்டிய 56 முதல் 63 விழுக்காடு என்னும் அளவு ஒரு தனிக் குழந்தையைப் பற்றி எதையும் உறுதியாகக் கூறுவதில்லை.

சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் வழங்கிய தீர்ப்பு, இடைப்பாலினக் குழந்தைகளுக்குப் பாலை வரையறுக்கும் அறுவைசிகிச்சை செய்வதைத் தடைசெய்யப் பணித்தது. பெற்றோரின் ஒப்புதல் குழந்தையின் ஒப்புதலாகாது என்பது அதன் அடிப்படை. தமிழ்நாடு அரசு அதே ஆண்டு ஆகஸ்டில், உயிருக்கு ஆபத்தான சூழல் நீங்கலாக, இதனை அரசாணையாக்கியது. சலினாஸ் தரவுகளைச் சரியாக வாசிப்போர் வந்தடைய வேண்டிய முடிவும் இதுவே. குழந்தையின் எதிர்கால அடையாளம் அறியப்படாததாக இருக்கும்வரை, அதனை மீட்க முடியாத வகையில் உடலில் எழுதிவிடும் உரிமை பிறருக்கில்லை.