ராஜகுருவும் கத்தரிக்கோலும்

கத்தரிக்கோலுக்குக் கண் உண்டா? உண்டு! எதை வெட்டுகிறது என்பதைப் பார்த்தால் அதற்குக் கண் இருப்பது தெரியும். எதை வெட்டாமல் விடுகிறது என்பதைப் பார்த்தால் அந்தக் கண் யாருடையது என்பதும் தெரிந்துவிடும்.

1950-இல் வெளிவந்த 'மந்திரிகுமாரி'யை அண்மையில் மீண்டும் பார்த்தோம். கொட்டகையில் அல்ல, கைப்பேசியில். உள்ளங்கை அகலத் திரையிலும் அந்த வசனம் முழங்கத்தான் செய்கிறது! வசனத்தைப் புகழ்ந்தோர் ஆயிரவர், பாட்டைப் புகழ்ந்தோர் பதினாயிரவர். ஆனால் நம் மனத்தில் எழுந்தது வேறொரு கேள்வி. சேலம் மாடர்ன் தியேட்டர்சார் எடுத்த அந்தப் படத்தின் இயக்குநர்களில் ஒருவர் எல்லிஸ் ஆர். டங்கன், அமெரிக்கர். இதே கதையை, இதே ராஜகுருவை, அவர் தம் தாய்நாட்டிலே படமாக்கியிருக்க முடியுமா?

முடியாது என்கிறோம். ஏன் முடியாது?

1927-இல் 'தி ஜாஸ் சிங்கர்' வந்தபின் அமெரிக்கத் திரை பேசத் தொடங்கியது. பேசத் தொடங்கியவுடனே அதன் வாய்க்குப் பூட்டும் தேடினார்கள். பூட்டுச் செய்தவர் யார்? கத்தோலிக்கப் பத்திரிகை முதலாளி மார்ட்டின் குவிக்லியும், டேனியல் லார்ட் என்ற ஏசுசபைப் பாதிரியாரும்! அவர்கள் வகுத்த விதிகளைப் படமுதலாளிகளின் சங்கம் 1930-இல் ஏற்றது. சங்கத் தலைவர் வில் ஹேஸ். ஆகவே அதற்கு 'ஹேஸ் விதி' என்று பெயர் வழங்கிற்று. நான்கு ஆண்டு அது ஏட்டுச் சுரைக்காய். 1934-இல் கத்தோலிக்கத் திருச்சபை, ஆபாசப் படங்களைப் பார்ப்பதில்லை என்று தன் மக்களிடம் உறுதிமொழி வாங்கக் கிளம்பியது. முதலாளிகள் நடுங்கினர். ஜோசப் பிரீன் என்பவர் தலைமையில் அலுவலகம் அமைந்தது. அதன் முத்திரை பெறாத படத்தை வெளியிட்டால் 25,000 டாலர் தண்டம்! அரசாங்கம் விரலசைக்கவில்லை; வியாபாரம் தன் கழுத்துக்குத் தானே சுருக்குப் போட்டுக்கொண்டது.

முத்தம் நீளலாகாது என்றார்கள்; அது போகட்டும். அந்த விதியின் உயிர்நிலை வேறு இடத்தில் இருக்கிறது. எந்த மதத்தையும் எள்ளலாகாது. மதகுருவை, மதகுரு என்ற நிலையில், கோமாளியாகவோ கொடியவனாகவோ காட்டலாகாது. வெள்ளையரும் கறுப்பரும் உறவு கொள்வதாகக் காட்டவே கூடாது. இம்மூன்றையும் ஒருமுறை நிறுத்திப் படிக்க வேண்டுகிறோம். ஒழுக்கத்தைக் காக்கப் புறப்பட்டவர்கள் எதைக் காத்தார்கள்? அங்கியைக் காத்தார்கள், நிறத்தைக் காத்தார்கள்.

அந்தப் பூட்டு விழுந்த மறு ஆண்டு, 1935-இல், டங்கன் இந்தியாவுக்கு வந்தார். தமிழ் அறியாதவர், கடைசிவரை கற்காதவர். எனினும் 'சதிலீலாவதி', 'அம்பிகாபதி', 'சகுந்தலை', 'மீரா' என்று தமிழ்ப் படங்களை வரிசையாக இயக்கினார். நம் ஒழுகினசேரியில் பிறந்த என். எஸ். கிருஷ்ணனும் அந்தச் 'சதிலீலாவதி'யில் நடித்தார்.

இங்கே மட்டும் கத்தரிக்கோல் இல்லையா? இருந்தது. 1918-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த சென்னைத் தணிக்கைக் குழுவுக்குத் தலைவர் போலீஸ் கமிஷனர்! கலையை மதிப்பிடக் காவல்துறையைவிடத் தகுந்தவர் வேறு யார் இருக்க முடியும்? ஆனால் அவர் கவலை முத்தத்தைப் பற்றியது அன்று. 1933-இல் வந்த 'கர்மா' படத்திலே தேவிகா ராணியின் நீண்ட முத்தக் காட்சிக்கு இடம் இருந்தது. இடமில்லாமற் போனது காந்தியாருக்கு. 1921-இலேயே 'பக்த விதுரர்' என்ற பேசாப் படத்தில் விதுரர் கதரும் குல்லாயுமாய்க் காந்தியாரைப் போலத் தோன்றுகிறார் என்று சென்னையில் தடை போட்டவர்கள் அல்லவா!

பேசாப் படத்தின் சொல் எழுத்தாக அட்டையில் வரும்; படித்தவன் படித்துச் சொன்னால் உண்டு. பேசும்படத்தின் சொல்லுக்கோ படிப்பே வேண்டாம், செவி போதும். கூலிக்காரனுக்கும் குடியானவளுக்கும் நேரே போய்ச் சேர்ந்தது. அச்சத்துக்குக் காரணம் அதுதான். 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதா'ஸிலே கைராட்டினத்தைப் புகழ்ந்து ஒரு பாட்டு இருந்தது. காளிதாசனுக்கும் கைராட்டினத்துக்கும் என்ன உறவு? ஓர் உறவும் இல்லை! வெளிப்படையாகச் சொல்ல முடியாததைப் புராணச் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுபோகும் வித்தையை முதல் நாளிலேயே நம்மவர் கற்றிருந்தனர்.

கே. சுப்பிரமணியம் எடுத்த 'தியாகபூமி' சட்டை போட்டு மறைக்கவில்லை. 1939 மே மாதம் வந்தது. அப்போது சென்னையில் காங்கிரஸ் மந்திரிசபை. அவ்வாண்டின் இறுதிக்குள் மந்திரிசபை பதவி விலகிற்று. 1940-இல் படத்துக்குத் தடை விழுந்தது. படம் அதே படம், மாறியது நாற்காலி!

அந்தப் படத்தில் எதற்கு வெள்ளையன் அஞ்சினான்? கதருக்கும் ஊர்வலத்துக்கும் அஞ்சினான். ஆனால் நம் பார்வையில் அதன் நெருப்பு நீதிமன்றக் காட்சியிலே இருக்கிறது. தன்னைத் துரத்திய கணவன் இன்று சேர்ந்து வாழ உரிமை கோருகிறான், சாவித்திரி மறுக்கிறாள், வேண்டுமானால் அவனுக்குத் தானே ஜீவனாம்சம் தருவதாகச் சொல்கிறாள்! அந்நாளில் இப்படிப் பேசிய பெண் தமிழ்த் திரையில் எத்தனை பேர்? குறையும் சொல்லவேண்டும். அந்தப் பெண்ணின் வழக்குக்கு முடிவு காணாமல், கணவன் மனைவி இருவரையும் தேசத் தொண்டிலே சேர்த்துவிட்டுக் கதை நழுவிக்கொள்கிறது. வீட்டு வழக்கை வீதி ஊர்வலத்தில் கரைத்துவிட்டார்கள்.

இனி, 'மந்திரிகுமாரி'.

ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசி நமக்கு முழுநூலாகக் கிட்டவில்லை. எஞ்சியவை சில பாடல்களே. காதலித்து மணந்தவன் மலையுச்சிக்கு அழைத்துச் சென்று கொல்ல முயல்கிறான். அவள் அவனை முந்திக்கொண்டு தள்ளிவிடுகிறாள். அந்தத் துணுக்கை எடுத்து, கணவனைக் கொள்ளையனாக்கி, அவன் தந்தையை அரசவையின் ராஜகுருவாக்கினார் மு. கருணாநிதி. அப்போது அவருக்கு வயது 26. ராஜகுரு தன் மகனைத் தளபதியாக்க விரும்புகிறார். அரசனோ வேறொருவனைத் தளபதியாக்குகிறான். உடனே சூழ்ச்சி வலை விரிகிறது. நம்பியார் அந்த வேடத்தில் கத்தவில்லை, குதிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி அரசனின் செவியருகே நிற்கிறார். செவியருகே நிற்பதுதான் ராஜகுருவின் பலம் என்பதை இதைவிட எப்படிக் காட்டுவது? வாள் ஏந்தும் வில்லன் வாளால் வீழ்வான். நம்பிக்கையை ஏந்தும் வில்லனை எந்த வாள் வீழ்த்தும்?

மதகுரு, மதகுரு என்ற நிலையிலேயே கொடியவன்! ஹேஸ் விதி எதைக் கூடாது என்றதோ, அதுவே இந்தப் படத்தின் முதுகெலும்பு. தன் நாட்டில் எடுக்க முடியாத படத்தை ஓர் அமெரிக்கர் சேலத்தில் எடுத்தார். அதன் பொருளை அவர் எவ்வளவு உணர்ந்திருப்பார் என்ற ஐயம் நமக்கு உண்டு. மொழி தெரியாதவருக்குக் காட்சி தெரியும், கருத்தின் சூடு தெரியாது. சூட்டைத் தந்தது பேனா. அந்த ஆண்டோடு டங்கன் இந்தியாவைவிட்டுப் போனார். படத்தை முடித்தவர் டி. ஆர். சுந்தரம்.

பேனாவுக்கு அடுத்த சோதனை 1952-இல் வந்தது. ராஜா வேடமில்லாமல், பெயர் தெரியாத நாட்டைத் தேடிப் போகாமல், இன்றைய கோயிலையும் இன்றைய பூசாரியையும் காட்டியது 'பராசக்தி'. தடைசெய் என்ற கூக்குரல் கிளம்பியது, மறுபடியும் தணிக்கையாளர் முன் நின்றது, ஆனாலும் ஓடியது. அதே 1952-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன்னும் ஒரு படம் நின்றது. ரோசெல்லினியின் 'தி மிரக்கிள்', மத நிந்தனை என்று நியூயார்க்கில் தடுக்கப்பட்ட இத்தாலியப் படம். திரைப்படம் வெறும் வியாபாரமே, கருத்துரிமை அதற்கில்லை என்று 1915-இல் சொன்ன அதே மன்றம், இப்போது அதுவும் பேச்சே என்றது. மத நிந்தனை என்ற காரணம் தடைக்குப் போதாது என்றது. ஹேஸ் விதி தளர்ந்து 1968-இல் ஒழிந்தது. இங்கோ 1952-ஆம் ஆண்டுச் சட்டமே, திருத்தங்களோடு, இன்றும் நம் படங்களை ஆள்கிறது.

'மந்திரிகுமாரி'யை வானளாவப் புகழ்ந்துவிட்டோமோ? அதன் எல்லையையும் காட்டுவோம். அரண்மனையில் கெட்டவர் குரு. அரசனோ ஏமாந்த நல்லவன். அரியணையைத் தொடும் இடத்தில் துணிவு நின்றுவிடுகிறது. அரண்மனைக்கு வெளியே உழுபவன், சேரியில் இருப்பவன், அந்தக் கதையில் எங்கே? எந்த அதிகாரியும் வெட்டவில்லை, எழுதப்படவே இல்லை.

எழுதப்பட்டும் விடாத கதை ஒன்று நம் நாஞ்சில் மண்ணுக்கு அருகிலேயே உண்டு. பூதப்பாண்டி என்றவுடன் ஜீவாவை நினைப்போர் பலர்; பகத்சிங்கின் நாத்திகக் கட்டுரையைத் தமிழாக்கிச் சிறை சென்றவர் அவர். இதே மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த ஜே. சி. டேனியலை நினைப்போர் மிகச் சிலரே. திரை பேசத் தொடங்கும் தறுவாயில், தம் சொத்தை விற்று, திருவனந்தபுரத்தில் 'விகதகுமாரன்' என்ற பேசாப் படத்தை எடுத்தார். நாயர் குலப் பெண்ணாக நடிக்க அவர் தேர்ந்தது தாழ்த்தப்பட்ட குலத்துப் பி. கே. ரோசியை. தணிக்கைக் குழு என்ன செய்தது? அதற்கு வேலையே வரவில்லை! கொட்டகையில் கூடிய மேல்சாதியார் கல்லெறிந்து திரையைக் கிழித்தனர். படத்தைப் பார்க்க வந்த ரோசியை உள்ளே விடவில்லை. அவர் ஊரைவிட்டே ஓட நேர்ந்தது. டேனியல் அதன்பின் கதைப்படம் எடுக்கவில்லை.

வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே அமெரிக்காவில் எழுத்தில் போட்ட கோட்டை, இங்கே எழுதாமலே போட்டார்கள். 'தியாகபூமி'யின் மீது போட்ட தடையாணைக்குத் தேதி உண்டு, கையெழுத்து உண்டு. எதிர்த்து நிற்க ஒரு முகம் உண்டு. ரோசிக்கு விழுந்த தடைக்குக் கையெழுத்தே இல்லை. 'விகதகுமார'னின் ஒரு பிரதிகூட இன்று எஞ்சவில்லை. நம் பள்ளியின் மேல்வகுப்பு மாணவர்கள் 'மந்திரிகுமாரி'யைக் கைப்பேசியில் பார்த்து ராஜகுருவை ஏசுகிறார்கள். ரோசியின் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால், காட்டுவதற்கு நம்மிடம் ஓர் அடிச் சுருள்கூட இல்லை.