கணினி முன்னே, கச்சேரி பின்னே!

சாகுபுரம் பக்கத்து உப்பளத் தொழிலாளி, மகனின் படிப்புக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டித் தாலுக்கா கச்சேரி வாயிலிலே கைகட்டி நின்ற காலம் போயிற்றாம்! இ-சேவை மையத்திலே 60 ரூபாய் செலுத்தினால் போதுமாம். 1999இல் தமிழ்99 விசைப்பலகையையும், 2010இல் ஒருங்குறியையும் ஏற்ற தமிழக அரசின் இந்த ஏற்பாட்டை நாம் வரவேற்கவே செய்கிறோம்.

ஆனால், கணினி வழியே மனு போய்ச் சேருமிடம் எது? அதே கிராம நிர்வாக அலுவலர், அதே வருவாய் ஆய்வாளர், அதே வட்டாட்சியர் அலுவலகம்! மறுத்துவிட்டால் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வரும். படிக்கத் தெரியாதவன் மீண்டும் மையத்துக்கே ஓடுவான். அன்று மரத்தடியிலே மனு எழுதியவரின் தயவு; இன்று விசை தட்டுபவரின் தயவு! இட ஒதுக்கீட்டுக் கதவைத் திறக்கும் தாள் அல்லவா அது? மறுக்கும் அதிகாரி, காரணத்தைத் தெளிந்த தமிழிலே எழுதி, கல்லூரிச் சேர்க்கையின் கடைசி நாளுக்கு முன்பே அவன் கையில் கொடுக்கட்டும்.